காலி டி.வி. சேனலில் இன்டர்நெட் ஓடுது!
மலையடிவார ஊருக்கு அடித்தது யோகம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மலையடிவாரத்தில் உள்ள குட்டி ஊர் கிளாட்வில். இந்த மாதிரி ஊருக்கு கேபிள் இழுத்தால் கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகுமா? வேகமான இன்டர்நெட் எட்டாக்கனி ஆனது.

2009-ல் வழி பிறந்தது. ஊருக்கு ஊர் சில டி.வி. சேனல்கள் ஒளிபரப்பு இல்லாமல் சும்மா கிடக்கும். அந்த அலைவரிசையில் பள்ளிக்கூடத்துக்கு இன்டர்நெட் அனுப்பினார்கள். மரம், மேடு தாண்டி 'ஜம்'மென்று வந்தது!

டி.வி. படம் கெடும் என்று ஒளிபரப்புக்காரர்கள் ஏற்கனவே போர்க்கொடி தூக்கியிருந்தார்கள். அதற்கும் வழி இருக்கு. கருவி முதலில் கம்ப்யூட்டர் பதிவேட்டைக் கேட்கும். 'காலி' என்று பதில் வந்தால்தான் வாய் திறக்கும்!

2010-ல் அரசு நாடு முழுவதுக்கும் விதி போட்டது.

பஸ்சில் காலி சீட்டு மாதிரிதான். உட்காரலாம், உரியவர் வந்தால் எழுந்துக்கணும். அவ்வளவுதான்!