கையொப்பம் வைக்க முன் கேட்போம்

மாதக் கூட்டம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது என்ன? இரண்டு மணிக்கென்று சொல்லி மூன்றரைக்குத் தொடங்குவார்கள். இரண்டு மூன்று பேர் மட்டும் கதைப்பார்கள். கடைசியில் புத்தகத்தில் கையொப்பம் வைத்துவிட்டு அவசரமாக வீட்டுக்கு ஓடுவோம். இப்படிக் கூடிக் கலைவதால் எமது தொழில் முன்னேறுமா?

2009 இல் போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் நிறுவனங்கள் ஊர்களுக்குள் வந்தன. கடன் எடுத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று, கிழமைதோறும் கூடிப் பணம் கட்டினார்கள். வட்டி எவ்வளவு, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் நிலை என்ன என்பது பலருக்கு விளக்கப்படவில்லை. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. விளங்காத தாளில் வைத்த கையொப்பத்தின் பாரத்தை நாம் அறிவோம்.

ஆகவே எமது தையல் நிலையத்திலும், மிளகாய்த்தூள் ஆலையிலும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் நடக்கும் கூட்டம் கேட்பதற்குரிய இடமாக இருக்க வேண்டும். இதற்கு என்ன செய்யலாம்?

முதலில் நேரம். பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும்போது கூடுவோம். ஒரு மணித்தியாலத்தில் முடிப்போம். பேசப்போகும் விடயங்களை முதல் நாளே எல்லோருக்கும் வாயால் சொல்லிவிடுவோம்.

அடுத்தது கணக்கு. கையிருப்பு, வங்கி மீதி, செலவு ஆகியவற்றைப் பொருளாளர் உரத்து வாசிக்கட்டும். பற்றுச்சீட்டுகள் கைமாறிச் செல்லட்டும். கணக்குக் கேட்பது சந்தேகப்படுவதல்ல. அது பொருளாளரையும் வீண்பழியிலிருந்து காக்கும்.

மூன்றாவதாக, வட்டமாக இருந்து ஒவ்வொருவரும் ஒரு முறை பேசுவோம். தலைவி தனது கருத்தைக் கடைசியில் சொல்வது நல்லது. முதலிலே சொன்னால் மற்றவர்கள் அதற்கே தலையாட்டிவிடுவார்கள். துயரத்தில் இருக்கும் சகோதரி அன்று பேச விரும்பாவிட்டால் வற்புறுத்தாது, பிறகு தனியே கேட்போம்.

நான்காவது முடிவு. "மிளகாய் வாங்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். "50 கிலோ செத்தல் மிளகாய், மூன்று கடைகளில் விலை கேட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வாங்குவது" என்று எழுதி, பொறுப்பெடுத்த இருவரின் பெயரையும் சேர்ப்போம். அந்த வேலை முடிந்ததா என்ற கேள்வியோடு அடுத்த கூட்டம் தொடங்கட்டும்.

கூட்டம் முடிய முன் செயலாளர் அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டும். சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்கவும், கையொப்பமிடுவோரை மாற்றவும் வங்கி கேட்பது இந்த அறிக்கையைத்தான். எழுதாத தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ எவர் கேட்டாலும் கையொப்பம் வைக்க வேண்டாம்.

"எனக்கு விளங்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கோ" என்று கேட்க எந்தச் சகோதரியும் வெட்கப்படத் தேவையில்லை. அவள் கேட்ட கேள்வியால் அருகில் இருக்கும் நால்வருக்கும் விளங்கும்.