குளிர்ச்சி வேண்டும், குளிர்காலம் வேண்டாம்!

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ராயல் தாவரவியல் பூங்கா இருக்கிறது. குளிர்காலத்தில் வெளியே உறைபனி. ஆனால் அங்குள்ள கண்ணாடிக் குடிலுக்குள் ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று கொத்துக் கொத்தாகப் பூக்கள் மலரும். இந்தச் செடிகளின் பெயர் வைரேயா. ரோடோடெண்ட்ரான் பேரினத்தைச் சேர்ந்தவை. நம் நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் இதே பேரினம்தான்.

வைரேயாக்களில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. போர்னியோ, நியூ கினி, சுமத்ரா, பிலிப்பைன்ஸ் போன்ற தீவுகள்தான் அவற்றின் சொந்த ஊர். வெப்பமண்டலச் செடி என்றால் நல்ல வெயில் பிடிக்குமே என்கிறீர்களா? அதுதான் இல்லை!

இவற்றில் பெரும்பாலானவை மலைவாசிகள். ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும். போர்னியோவின் கினபாலு மலை 4095 மீட்டர் உயரம். மேகம் தவழும் அதன் சரிவுகளில் பல வைரேயாக்கள் வளர்கின்றன. ஆண்டு முழுவதும் அங்கே இதமான குளிர். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் குளிர்காலம் என்று தனியாக ஒன்று வருவதில்லை.

இமயமலை ரோடோடெண்ட்ரான்கள் பனிக்காலம் வருமுன்பே அதைத் தாங்கத் தயாராகிவிடும். வைரேயாவுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. உறைபனி பட்டால் அதன் திசுக்களில் உள்ள நீர் பனிக்கட்டியாகிவிடும்; செல்கள் சிதைந்து செடி வாடிப்போகும்.

அதனால்தான் கண்ணாடிக் குடில். பகலில் வெயில் உள்ளே வரும். சூடான காற்று வெளியேறாமல் கண்ணாடி தடுக்கும். ஆனால் குளிர்காலத்தில், குறிப்பாக இரவில், சூடேற்றும் கருவி தேவை. இரவில் 10 டிகிரி இருந்தாலே போதும். கோடையில் இதற்கு நேர்மாறான வேலை: ஜன்னல்களைத் திறந்து, நிழல்வலை கட்டி, சூட்டைக் குறைக்க வேண்டும்.

தொட்டியில் சாதாரண மண்ணைப் போட்டால் என்ன ஆகும்? வேர் அழுகிவிடும். ஏனென்றால் பல வைரேயாக்கள் காட்டில் மரக்கிளைகளின் மேல், பாசிக்கு நடுவே வளரும் தொற்றுத் தாவரங்கள். மழை பெய்தால் தண்ணீர் உடனே வடிந்துவிடும். வேருக்கு எப்போதும் காற்று கிடைக்கும். அதே வசதிக்காகத் தொட்டியில் மரப்பட்டைத் துண்டுகளைக் கலக்கிறார்கள். சரி, கிளைக்கு விதை எப்படிப் போகிறது? பட்டத்துக்கு இருப்பதுபோல் விதைக்கும் வால் இருக்கிறது, அதுவும் இரண்டு முனையிலும்! தூசி போன்ற அந்த விதையைக் காற்று தூக்கிச் செல்லும்.

வைரேயாக்கள் கண்ணாடிக் குடிலுக்கு வந்தது எப்படி? 1840-களில் தாமஸ் லாப் என்பவர் இங்கிலாந்தின் வீச் நாற்றங்காலுக்காக இச்செடிகளைத் தேடி அனுப்பினார். அங்கே நூற்றுக்கணக்கான கலப்பினங்களை உருவாக்கினார்கள். குடில்களைச் சூடேற்றியது நிலக்கரி. முதல் உலகப் போரில் நிலக்கரிக்கும் ஆட்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. கலப்பினங்களில் மிகச் சிலவே பிழைத்தன.

இனி ஒரு புதுச் செடியைப் பார்த்தால், "எந்த நாட்டிலிருந்து வந்தது?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு உயரத்தில் வளர்ந்தது, மண்ணிலா மரத்திலா என்றும் கேளுங்கள். அதை எப்படி வளர்ப்பது என்பதில் பாதி அப்போதே தெரிந்துவிடும்!