மறைத்து வைத்தால் பூட்டியதாகிவிடுமா?

நான் உறுப்பினராக இருக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. எல்லா வீட்டுக்காரர்களின் பெயர், கதவு எண், கைப்பேசி எண் அடங்கிய பட்டியல் அதில் இருந்தது. "மெம்பர்ஸ் பக்கத்துல மட்டும்தான் சார் வரும், வெளியாளுக்குத் தெரியாது" என்று தளத்தை அமைத்துத் தந்த தம்பி சொன்னார், நாங்களும் நம்பினோம். ஒருநாள் லாகின் செய்ய மறந்து, பிரவுசர் ஹிஸ்டரியில் கிடந்த அந்தப் பக்கத்தின் முகவரியைத் தொட்டேன். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் பட்டியல் முழுதும் விரிந்தது. தனியாக வசிக்கும் முதியவர்களின் எண்களும் அதில் இருந்தன. வயிற்றைப் பிசைந்தது.

தம்பி பொய் சொல்லவில்லை. ட்ரூபல் போன்ற மென்பொருளில் கட்டிய தளங்களில் பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு 'பிளாக்'. எந்த பிளாக் எந்தப் பக்கத்தில் தோன்ற வேண்டும் என்பதை முகவரியின் பாதையை வைத்து முடிவு செய்யலாம். செட்டிங்ஸில் ஒரு கட்டம் இருக்கும். அதில் வரிக்கு ஒரு பாதையாக எழுதி, 'இந்தப் பக்கங்களில் காட்டு' அல்லது 'இந்தப் பக்கங்களில் மறை' என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. அந்தக் கட்டம் கேட்பது 'எந்தப் பக்கம்?' என்பதை மட்டுமே. 'வந்திருப்பவர் யார்?' என்று அது கேட்பதே இல்லை. ஆகவே முகவரி தெரிந்த எவருக்கும் அது காட்டிவிடும்.

இதில் இன்னொரு வழுக்கலும் உண்டு. /மெம்பர்ஸ்/* என்று எழுதினால் அதற்குக் கீழுள்ள பக்கங்கள் எல்லாம் அடங்கும். /மெம்பர்ஸ் என்ற தாய்ப் பக்கம் அடங்காது. அதைத் தனி வரியில் எழுத வேண்டும். இடையிலுள்ள சாய்கோட்டை விட்டுவிட்டு /மெம்பர்ஸ்* என்று எழுதினால் /மெம்பர்ஸ்-விண்ணப்பம் என்ற பொதுப் பக்கமும் சேர்ந்துகொள்ளும். 'மறை' என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஆபத்து அதிகம்: நாளை யாராவது புதுப் பக்கம் ஒன்றைச் சேர்த்தால், பட்டியலில் அது இல்லாததால் பிளாக் அங்கே தானாகத் தோன்றிவிடும். ரகசியம் சார்ந்த எதற்கும் 'காட்டு' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதே செட்டிங்ஸில் பயனரின் பொறுப்பு வகையைக் கேட்கும் இடமும் இருக்கிறது. லாகின் செய்தவர் என்று அங்கே குறித்தால் பிளாக் மற்றவர்களுக்குத் தோன்றாது. அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பட்டியல் ஒரு பிடிஎஃப் கோப்பாக இருந்தால் அதற்கும் தனி முகவரி உண்டு. கோப்பைப் பொதுச் சேமிப்பிடத்தில் போட்டிருந்தால், பிளாக்கை எவ்வளவு மறைத்தாலும் இணைப்பு கையில் இருப்பவர் திறந்துவிடுவார். அனுமதியை உள்ளடக்கத்துக்கும் கோப்புக்கும் போட வேண்டும்.

இதைச் சிறிய தளங்களின் தவறு என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய சொத்துரிமைக் காப்பீட்டு (டைட்டில் இன்ஷூரன்ஸ்) நிறுவனத்தின் தளத்தில், முகவரியிலுள்ள ஆவண எண்ணை மாற்றினாலே அடுத்தவரின் ஆவணம் திறந்தது. வங்கிக் கணக்கு விவரங்கள் உட்பட சுமார் 88.5 கோடி ஆவணப் பதிவுகள் அப்படித் திறந்து கிடந்தது 2019 மே மாதம் வெளியே வந்தது.

உங்கள் விவரம் இப்படி வெளியே தெரிவதைக் கண்டால், முகவரியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உடனே அந்த அமைப்புக்கு எழுத்தில் தெரிவித்து நீக்கச் சொல்லுங்கள். கூகுள் தேடலிலும் வருகிறதென்றால், தளத்தில் நீக்கிய பிறகு பழைய பதிவை அகற்றும்படி கூகுளிடம் தனியாகக் கோர வேண்டும். அமைப்பு அசையாவிட்டால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு மின்னஞ்சலில் புகார் செய்யலாம். முகவரியில் வேறு எண்களை மாற்றிப்போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அனுமதியின்றி நுழைந்ததாக உங்கள் மீதே தகவல் தொழில்நுட்பச் சட்டம் பாயக்கூடும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைத் தருகிறது. போதிய பாதுகாப்பு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் வழி செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. அது முழுமையாக அமலாகும் வரை, மருத்துவ, வங்கி விவரங்களை ஒரு நிறுவனம் கவனக்குறைவால் கசியவிட்டு இழப்பு நேர்ந்தால், 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் இழப்பீடு கேட்கலாம்.

பள்ளி, சங்கம், கிளினிக் என்று எதன் தளத்தைக் கவனித்துக்கொள்பவராக இருந்தாலும், இன்றே ஒரு வேலை செய்யுங்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, லாகின் செய்யாமல், உறுப்பினர்களுக்கு மட்டும் என்று நீங்கள் நம்பும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும், ஒவ்வொரு கோப்பின் இணைப்பையும் போட்டுப் பாருங்கள். ஏதாவது திறந்தால், அதைச் சரிசெய்யும் வரை அந்தப் பக்கத்தைக் கழற்றி வையுங்கள்.