நுழைவுரிமையும் மாணவ வாழ்வும்: லிற்றில் றொக் பள்ளியின் அனுபவம்

ஐக்கிய அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்திலுள்ள லிற்றில் றொக் மத்திய உயர்நிலைப் பள்ளி, 1927இல் வெள்ளையின மாணவர்க்கென நிறுவப்பட்ட அரசாங்கப் பாடசாலையாகும். இத்தகைய பாடசாலைகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானதென உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. எனினும், 1957 செப்ரெம்பரில் அங்கு கற்கவந்த ஒன்பது கறுப்பின மாணவரை ஆளுநர் ஓர்வல் போபஸ் மாநிலக் காவற்படையைக் கொண்டு தடுத்தார். சனாதிபதி ஐசனோவர் அனுப்பிய இராணுவத்தின் காவலுடனேயே செப்ரெம்பர் 25இல் அவர்கள் வகுப்பறை புகுந்தனர்.

சட்டம் வாயிலைத் திறந்ததேயன்றி, மாணவ வாழ்வைத் திறக்கவில்லை. விளையாட்டணி, இசைக்குழு, மாணவர் கழகங்கள் ஆகியவற்றிற் பங்குபெறும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. நடைகூடங்களில் வசையும் அடியும் தொடர்ந்தன. சீண்டல்களுக்கு எதிர்வினை காட்டிய மினிஜீன் பிறவுண் 1958 பெப்ரவரியிற் பள்ளியினின்றும் விலக்கப்பட்டார். அவ்வாண்டு மே மாதத்தில் ஏர்னெஸ்ற் கிறீன் அங்கு கல்வியை நிறைவுசெய்த முதற் கறுப்பின மாணவரானார். ஆயின் ஒருங்கிணைப்பைத் தவிர்க்கும்பொருட்டு, 1958-59 கல்வியாண்டில் நகரின் அரசாங்க உயர்நிலைப் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன.

சேர்வு இடாப்பில் ஒன்பது பெயர்கள் பதியப்பட்டமை கொண்டு சமத்துவத்தை அளத்தல் இயலாது. உணவு மேசையில் அவர்களருகே அமர்ந்தோர் எத்துணைப்பேர் என்பதே வினாவாகும்.