சாலமாண்டர் வளர்ப்பும் வியாபாரக் கட்டுப்பாடும்

அயல்நாட்டிலிருந்து வரும் பிராணியுடன் கண்ணுக்குப் புலப்படாத நோயும் உடன் வரக்கூடும் என்பது கால்நடை வளர்ப்போர் அறிந்த விஷயமே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த சாலமாண்டர் வியாபாரம் இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

சாலமாண்டர் பார்வைக்குப் பல்லியை ஒத்திருப்பினும், தவளைக்கு உறவான பிராணியாம். செதிளற்ற ஈரத்தோல் உடையது. பூச்சி புழுக்களைத் தின்று வாழ்வது. நம் தேசத்தில் டார்ஜிலிங் மலைப்பக்கங்களில் ஒரு வகை உண்டு. மேல்நாட்டார் பலர் இவற்றைக் கண்ணாடித் தொட்டிகளில் வைத்துச் செல்லமாக வளர்க்கின்றனர்.

நோயின் வரலாறு

நெதர்லாந்தின் தென்கோடியில் வாழ்ந்த நெருப்புச் சாலமாண்டர்கள், 2010-ஆம் ஆண்டிற்குப் பின் சில வருஷங்களுக்குள் நூற்றுக்கு 96 பங்கு மடிந்தன. தோலை அரித்துத் தின்னும் ஒருவகைப் பூஞ்சக்காளானே இதற்குக் காரணம் என 2013-ல் சாஸ்திரிகள் வெளியிட்டனர். இக்காளான் ஆசியாவில் தோன்றியது. ஆசிய வகைகள் பல இதைத் தாங்கிக்கொண்டு நோயைச் சுமந்து செல்கின்றன. ஆகவே, செல்லப்பிராணி வியாபாரமே இதனை ஐரோப்பாவிற்குக் கொண்டுசேர்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

சர்க்கார் தடை

சாலமாண்டர் வகைகள் மிகுதியாக வாழும் தேசம் அமெரிக்கா. அங்கு இந்நோய் காணப்படுமுன்னரே, 2016 ஜனவரியில் சர்க்கார் 20 பேரினங்களைச் சேர்ந்த 201 வகைகளைத் தீங்கு விளைப்பன என்று 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டத்தின் கீழ்ப் பட்டியலிட்டனர். அவற்றை உயிருடனோ இறந்த நிலையிலோ இறக்குமதி செய்தல் கூடாது. மீறினால் அபராதமும் ஆறு மாதம் வரை சிறைவாசமும் விதிக்கலாம். விஞ்ஞானம், வைத்தியம், கல்வி, மிருகக்காட்சிசாலை ஆகியவற்றிற்கு மட்டும் அனுமதிச்சீட்டு உண்டு. செல்லமாக வளர்க்க இல்லை. முன்னரே வைத்திருந்தவர் தொடர்ந்து வைத்திருப்பதை இவ்விதி தடுக்கவில்லை.

ஒரு மாகாணத்திலிருந்து மற்றொன்றிற்கு அனுப்புவதும் முதலில் தடுக்கப்பட்டது. ஆயின், கண்டத்திலுள்ள 49 மாகாணங்களுக்கிடையே அனுப்புவதைச் சட்டம் தடுக்கவில்லை என்று வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டார் 2017-ல் தீர்ப்பளித்தனர்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

1. வியாபாரி கூறும் செல்லப் பெயரை நம்பாது, சாஸ்திரப் பெயரைக் கேட்டு, திருத்தங்களுடன் கூடிய பட்டியலில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

2. மாகாணச் சட்டத்தையும் விசாரிக்க வேண்டும். ஆக்ஸலாட்டல் என்னும் மெக்சிகோ வகை 2016-ஆம் ஆண்டுப் பட்டியலில் இல்லை; எனினும் கலிபோர்னியாவில் அதனை வளர்க்கத் தடை உண்டு.

3. காட்டில் பிடித்ததைத் தவிர்த்து, உள்நாட்டிலேயே தொட்டியில் பிறந்ததைப் பிறப்பிடம் குறித்த ரசீதுடன் வாங்குதல் நன்று.

4. புதிதாக வந்ததைச் சில வாரம் தனியே வைத்து, தோலைப் பஞ்சால் துடைத்துச் சோதிக்கச் செய்தல் வேண்டும். நெருப்புச் சாலமாண்டரைப் பத்து நாள் 25 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் வைத்தால் காளான் அழிகிறது. ஆயினும் எல்லா வகைகளும் அவ்வெப்பத்தைத் தாங்கமாட்டா.

5. வளர்த்த பிராணியையோ தொட்டி நீரையோ ஓடை குளங்களில் விடுதல் ஒருபோதும் கூடாது.

நமக்குள்ள படிப்பினை

சந்தையில் வாங்கிய மாட்டை அன்றே தொழுவத்தில் சேர்ப்பவர், மந்தை முழுவதையும் அபாயத்திற்கு உள்ளாக்குகிறார். புதிய மாட்டைத் தனியே கட்டி, தனித் தொட்டியில் நீர் காட்டி, நோயில்லை எனத் தெரிந்தபின் சேர்ப்பதே முறை. அயலூர் விதையும் நாற்றும் கொணர்வோருக்கும் இதுவே பொருந்தும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பாராக.