டாக்டர் பட்டத்துக்குப் பிறகு என்ன?

செங்கத்தில் நின்று வடக்கே பார்த்தால் ஜவ்வாது மலை தெரியும். அம்மலைமேல், நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், காவலூர் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள வானாய்வு நிலையத்துக்கும், அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் 1986இல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. நிலையத்தை உருவாக்கியவர் அவரே.

எம்.எஸ்ஸி., பிறகு பிஎச்.டி.; அதோடு படிப்பு முடிந்து உத்தியோகம் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆராய்ச்சியில் பெரும்பாலும் அப்படியில்லை. பட்டம் பெற்றவர் வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்று இரண்டு மூன்று ஆண்டுகள் ஆராய்ச்சி செய்கிறார். 'போஸ்ட் டாக்' என்பார்கள். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. தேர்வு இல்லை, புதிய பட்டம் இல்லை. வேலை நிரந்தரமும் இல்லை. வீட்டாருக்கு இதைப் புரியவைப்பதுதான் பெரும்பாடு!

பிறகு ஏன் போகவேண்டும்? பிஎச்.டி.யில் வழிகாட்டும் பேராசிரியர் பக்கத்தில் இருப்பார். அவர் இல்லாமல் சொந்தமாக ஒரு கேள்வியைத் தேடிப் பிடிக்க முடியுமா என்பது இங்கேதான் தெரியும்.

ஹைதராபாத்தில் வளர்ந்த பாப்பு 1949இல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்றார். அவ்வாண்டே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்ததில் பங்கு பெற்றார். 1952இல் டாக்டர் பட்டம். அடுத்து கார்னெகி நிறுவனத்தின் உதவித்தொகையில் கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே பாலமர் மலையில் 200 அங்குலத் தொலைநோக்கி இருந்தது. அன்று உலகிலேயே பெரியது அதுதான். ஓலின் வில்சன் என்ற வானியலாரும் அங்கே இருந்தார்.

சூரியனைப் போன்ற, அல்லது அதைவிடக் குளிர்ந்த விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால், கால்சியத்துக்குரிய இருண்ட கோட்டின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு தெரியும். விண்மீனின் உண்மையான பிரகாசம் கூடக்கூட இக்கோடு அகலமாகிறது என்று இருவரும் கண்டனர். இதனால் என்ன பயன்? எரிவது நூறு வாட் பல்பு என்று தெரிந்தால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டே தூரத்தைக் கணக்கிடலாம் அல்லவா? விண்மீனுக்கும் அதே கணக்குத்தான். 1957இல் வெளியான இது 'வில்சன்–பாப்பு விளைவு' எனப்படுகிறது.

இத்தகைய இடத்தை எப்படித் தேடுவது? பெரிய பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் இருப்பார்கள். காலியிட அறிவிப்பை மட்டும் நம்பியிருந்தால் போதாது. உங்கள் கேள்வியை ஆராய்பவர் யார், அவரிடமுள்ள கருவி எது என்று ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து அறியவேண்டும். பிறகு ஒரு பக்கக் கடிதம்: இதுவரை செய்தது என்ன, இனிச் செய்ய விரும்புவது என்ன, அதற்கு ஏன் அவருடைய ஆய்வகம். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் அது குப்பைக்கூடைக்குத்தான் போகும்! உங்கள் வேலையை நன்கறிந்த இரண்டு மூன்று பேராசிரியர்களின் பரிந்துரையும் வேண்டும். ஆய்வேடு முடிவதற்கு ஓராண்டு முன்பே தொடங்குவது நல்லது.

சிலருக்குப் பேராசிரியரின் திட்டப் பணத்திலிருந்து ஊதியம் கிடைக்கும். அவர் சொன்ன வேலையைச் செய்யவேண்டும். பாப்புவுக்குக் கிடைத்ததுபோல் தம் பெயரிலேயே உதவித்தொகை பெறுபவருக்குச் சுதந்திரம் அதிகம். கிடைப்பது கடினம்தான், ஆனாலும் முதலில் முயலவேண்டியது இதற்கே என்பேன்.

பாப்பு 1953இல் நாடு திரும்பினார். 1960இல் கொடைக்கானல் வானாய்வு நிலையத்தின் இயக்குநரானார். இரவு வானம் நன்றாகத் தெரியும் இடத்தைத் தேடிக் காவலூரைத் தேர்ந்தார். 1972இல் அங்கே நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கி, 1977இல் யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்கு கொண்டது. காவலூர் நிலையத்தை இன்று நடத்துவது பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிலையம். டாக்டர் பட்டம் பெற்றவர்களுக்கான ஆராய்ச்சி இடங்கள் அங்கேயும் உண்டு.