தேரூர்க் குளத்தங்கரையில்

பட்சிகளைப் பார்ப்பதென்றால் வேடந்தாங்கலுக்கோ கூந்தன்குளத்துக்கோ பிரயாணம் செய்ய வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மூட்டை கட்டி, ரயில் ஏறி, சாப்பாட்டுக்கு அலைந்து, கடைசியில் பறவையைவிட மனிதர்களையே அதிகமாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். நாஞ்சில் நாட்டு வீடுகளில் வசிப்பவர்களுக்கு இந்தச் சிரமம் ஒன்றும் வேண்டியதில்லை. அடுக்களைப் புறவாசலைத் திறந்தால் போதும்.

மார்கழி, தை மாதங்களில் பொழுது புலரும் நேரத்தில் புறவாசல் படியில் காப்பியுடன் உட்கார்ந்து பாருங்கள். முதலில் வருவது தவிட்டுக்குருவிக் கூட்டம். ஆறோ ஏழோ சேர்ந்து சருகைக் கிளறி, ஓயாமல் வழக்காடும். கிணற்றடி முருங்கையில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கும். தையல்சிட்டு இலையின் இரு ஓரங்களைப் பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டு தைத்துக் கூடு கட்டும் விந்தையை, நம் வீட்டுச் செடியிலேயே பலர் பார்க்காமல் இருந்திருக்கிறோம். வேலிமேல் செம்போத்து சிறகை விரித்து வெயில் காயும். செம்போத்தைத் தெரியாத குழந்தைகளுக்கு ஷெல்லியின் வானம்பாடியை மனப்பாடம் செய்வித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அந்த இடத்தைப் பென்குவின் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்!

காப்பி ஆனதும் சற்று நடக்கலாம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில் சுசீந்திரம் குளம் இருக்கிறது. அதற்கு அண்மையில், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-இல் பிறந்த தேரூரின் குளம். இவ்விரண்டையும் சேர்த்து 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள். ஈரான் தேசத்து ராம்சார் நகரில் 1971-இல் பல நாடுகள் கூடிச் செய்த ஒப்பந்தம் அது. நமது குளங்களுக்கு அதில் கிடைத்த பரப்பு 94 ஹெக்டேர் சொச்சம். சிறிய இடந்தான், ஆயினும் இப்பகுதியில் சுமார் 250 வகைப் பறவைகளைக் கண்டு குறித்திருக்கிறார்கள்.

குளக்கரையில் அவசரம் கூடாது. முதல் ஐந்து நிமிஷம் தாமரை இலைகளைத் தவிர ஒன்றும் தென்படாது. கண் பழகிய பிறகு இலைகளுக்கு நடுவே ஏதோ நடக்கிறது, அதுதான் இலைக்கோழி. உடலுக்குப் பொருந்தாத நீண்ட விரல்கள் அதற்கு. எடை பரவிவிடுவதால் மிதக்கும் இலைமேல் மூழ்காமல் நடக்கிறது. இதன் குடும்ப ஏற்பாடு இன்னும் விசித்திரமானது. பெட்டை பல ஆண்களுடன் கூடி, ஒவ்வொருவர் பொறுப்பிலும் முட்டைகளை விட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் தகப்பன் வேலை. மருமக்கள் வழியைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கப் பாடிய கவிமணியின் ஊர்க் குளத்தில் இப்படி ஒரு குடித்தனம்! தை மாதத்தில் வரும் நேயர்கள் படங்களில் காணும் நீண்ட வாலைத் தேடி ஏமாற வேண்டாம். அது இனப்பெருக்கக் காலத்து அலங்காரம், பிறகு உதிர்ந்துவிடும்.

கோரைப் புதரோரம் நீலமும் ஊதாவுமாகத் தாழைக்கோழி செந்நிற நெற்றியுடன் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நீர்க்காகம் பட்டுப்போன கிளையில் சிறகை உலர்த்தும். பாம்புத்தாராவோ கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி, புதிதாகப் பார்ப்பவர்களைத் திடுக்கிட வைக்கும். கூழைக்கடாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைப் பார்க்கப் பேருந்துப் பிரயாணிகளே ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள்.

குளத்து நடுவில் சிறு கூட்டமாக நீந்தும் நீலச்சிறகி வாத்துகளைத்தான் நாம் அதிக நேரம் பார்த்தோம். ஐரோப்பா, சைபீரியா முதலிய வடபுலங்களில் குஞ்சு பொரித்து, குளிருக்கு முன் தெற்கே புறப்படுகின்றவை அவை. மத்திய ஆசியப் பறவை வழியின் தென்கோடி இது. இதற்கப்பால் நிலம் முடிந்து கடல் தொடங்குகிறது. அவ்வளவு தூரம் வந்த பிராணி இங்கே வேண்டுவது நீரும் தீனியும், தொந்தரவில்லாத பகல் தூக்கமுமே.

இந்தப் பிரதேசம் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்த காலத்தில், 1933-இல், சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிச் சீமைகளின் பறவைகளை ஆராய்ந்தார். அவரைப்போல் மாதக்கணக்கில் அலைய நமக்கு அவகாசமில்லை. ஆனால் 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். அவரவர் வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ பதினைந்து நிமிஷம் நின்று, கண்டதை எழுதிக் கொடுத்தால் போதும். கரும்பு தின்றுகொண்டே செய்யக்கூடிய தேச சேவை இது!

குளத்தை விட்டு ஏலாவுக்குள் இறங்கினால் கும்பப்பூ பயிர் கதிர் விட்டிருந்தது. வரப்பில் மண்வெட்டியுடன் நின்ற பெரியவர் ஒருவரிடம், "அண்ணாச்சி, அலகு நடுவிலே இடைவெளியோட நிக்குதே, இதுக்கு உங்க ஊரிலே என்ன பேர்?" என்று கேட்டோம்.

"நத்தைகுத்தி. நத்தை நாத்தைக் கடிச்சுப் போடும். இதுக வந்து நத்தையைத் தின்னுட்டுப் போகும், பாத்துக்கிடுங்க. காசு வாங்காத வேலைக்காரன்" என்றார்.

உண்மையில் இப்பறவைகளில் பல குளத்தில் தங்கினாலும் பசியாறுவது வயலில்தான். அந்த 94 ஹெக்டேருக்கு வெளியே கிடக்கும் ஏலாக்களுக்கு ராம்சார் பட்டம் காவல் நிற்காது. நாஞ்சில் நாட்டில் நெல் விளைந்த இடங்கள் வாழைக்கும் தென்னைக்கும் மாறி, பிறகு மண் நிரப்பி வீட்டு மனைகளாகிவருவதை எல்லோரும் அறிவர். நெல்லில் மிஞ்சுவது சொற்பம். மனைக்குக் கிடைப்பதோ கைநிறைய. விற்பவரை மட்டும் குறை சொல்வது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை. பறவை வேண்டுமென்று விரும்புகிற நாம் நெல்லுக்கு என்ன விலை கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.

பெரியவரின் வயலுக்கு அடுத்த வயலில் ஏற்கெனவே செம்மண் கொட்டி, கல் நட்டிருந்தது. "இந்தக் கும்பப்பூ எடுத்த பொறவு மவன் குடுத்திரலாம்ங்கான். நான் கன்னிப்பூவும் ஒண்ணு போட்டுப் பாப்போம்ங்கேன். பேச்சு நடக்குது" என்றார் அவர். பிறகு மடையைத் திருப்பிவிடக் குனிந்தார். அவர் வயலில் அன்று பதினொரு நத்தைகுத்திகள் நின்றன. செம்மண் வயலில் ஒன்றும் இல்லை.